மூல மாதிரி எண் பதினேழு

இசக்கியம்மாளின் மூச்சு பொய் என்று கருவி சொல்லிவிட்டது.

அவள் ஊதிக் கொடுத்த குழாயை உதவியாளர் வாங்கிச் செருகினார். மூன்று நிமிடம் உறுமல். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கி நெளிந்தது. அதற்குக் கீழே எழுத்து வந்தது: மூல மாதிரி எண் பதினேழு, நம்பிக்கைத் துரோகத்துக்கு ஆளானவர். பொருத்தம் பதினொரு சதவீதம். ஏற்கத்தக்கதல்ல.

அடுத்து எதிர்த்தரப்பு ஊதவேண்டும். பூரணி ஊதினாள். பொருத்தம் தொண்ணூற்று மூன்று.

பல்கலைக்கழகக் குறைதீர் குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது.

"உங்க ஆராய்ச்சியை இவங்க தன் பேர்ல போட்டுக்கிட்டாங்கன்னு புகார் குடுத்திருக்கீங்க. கருவி என்ன சொல்லுது? துரோகம் நடந்திருக்கு, அது நிஜம். ஆனா ஆளானது நீங்க இல்ல. இவங்க."

"சார், அந்தப் பதினேழாம் மாதிரியே என் மூச்சுதான். இந்தக் கருவியை உண்டாக்கின லேப்ல நான் இருந்தேன்."

குழுவில் இருந்த மற்ற இருவரில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

"மாதிரி யாரோடதுங்கிறது முத்திரை வச்ச ரகசியம்மா. போன மாசம் ஒருத்தர் வந்தார். பயத்துக்கான மாதிரி அவரோடதாம். ஏழாம் நம்பர். அதுக்கு அவர் பொண்டாட்டிதான் காரணமாம்." தலைவர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பொய்ப் புகார்னு பதிவாகுது. மூணு வருஷத்துக்கு நீங்க எந்த ஆராய்ச்சிப் படிப்புக்கும் பதிய முடியாது. முப்பது நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். அதுக்கு மறுபடி ஒரு தடவை ஊதணும்."

இசக்கி பூரணியைப் பார்த்தாள். பூரணி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பதினேழு யாருடைய மூச்சு என்று உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். இசக்கி, பூரணி, இரண்டு பேருக்கும் கைடாக இருந்த பேராசிரியர் சங்கரபாண்டியன். அவர் இப்போது மாதிரிகளுக்குச் சான்று கொடுக்கும் மையத்தின் இயக்குநர். விசாரணைக்கு வரவில்லை. 'எனக்கு நினைவில்லை' என்று ஒற்றை வரியில் கடிதம் அனுப்பியிருந்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இசக்கியும் பூரணியும் எம்.எஸ்சி. வேதியியலில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இசக்கி கழுகுமலைப் பக்கம். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை. பூரணி பாளையங்கோட்டை. அப்பா, அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். விடுதியில் ஒரே அறை. முதல் பருவத்தில் மூலக்கூறு சமச்சீர்மை என்று ஒரு தாள். வகுப்பில் பாதிப்பேர் அட்டவணைகளை உருப்போட்டார்கள். மீதிப்பேர் தூங்கினார்கள். இசக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அங்க என்னத்தப் பாக்க?" என்று கேட்டாள் பூரணி.

"ஃபேனை. மூணு இறக்கை. மூணுல ஒரு பங்கு சுத்தி நிறுத்தினா பழைய ஃபேன் மாதிரியே நிக்கும். சுத்துச்சா, சுத்தலியான்னு உன்னால சொல்ல முடியாது. அம்மோனியாவும் அப்படித்தான்."

"வாத்தியார் இதைச் சொல்லலியே."

"அவர் ஃபேனுக்கு நேர் அடியில நிக்கார். அவர் எதுக்கு மேல பாக்கப் போறார்?"

அந்தத் தாளில் இசக்கி முதல். பூரணி இரண்டாவது. இசக்கி சொல்லிக்கொடுத்துத்தான் பூரணி இரண்டாவது வந்தாள் என்பது வகுப்புக்கே தெரியும். இரண்டு பேரும் சங்கரபாண்டியனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்கள். அவர் அப்போதுதான் மூச்சுமானியைக் கட்ட ஆரம்பித்திருந்தார். ஒரு மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்று அவன் விடும் மூச்சை அகச்சிவப்பு ஒளியில் வைத்துப் படிக்கிற கருவி. பயத்துக்கு ஒரு கோடு, துக்கத்துக்கு ஒரு கோடு. எல்லாம் வந்தன. நெடுநாளாக வராமல் இழுத்தடித்தது துரோகத்தின் கோடு ஒன்றுதான். அதை வரவைத்தது இசக்கி.

அதை அவள் விளக்கிச் சொன்னது குழுவிடம் அல்ல. குழு கேட்கவில்லை. வெளியே நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாள் கேட்டாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மாணவர் விடுதிச் சமையல்கட்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். அன்று அவளுக்கும் அதே தீர்ப்பு. பொருத்தம் ஒன்பது சதவீதம்.

"உனக்குப் பதினொண்ணா? என்னைவிட ரெண்டு கூட வாங்கியிருக்க," என்றாள் அந்தோணியம்மாள். "ஏளா, படிச்ச பிள்ள மாதிரி இருக்கியே. ஊதுனா எப்படி அதுக்குத் தெரியுது? எனக்குப் புரியுத மாதிரி சொல்லு."

இசக்கிக்கு எழுந்து போக மனம் வரவில்லை.

"மூச்சுல போற ஒவ்வொரு சாமானும் சின்னச் சின்ன உருண்டைங்கக்கா. ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு இருக்கும். அந்தப் பிணைப்பு சும்மா இருக்காது, இழுத்து இழுத்து விடும். ரெண்டு பக்கமும் ஒரே நேரம், ஒரே அளவுல இழுத்தா கருவிக்குத் தெரியாது. நடுவுல ஒரு ஆளு, ரெண்டு கையையும் ரெண்டு பேரு சமமா இழுக்காங்க. அவன் நின்ன இடத்துலயே நிப்பான். தூரத்துல இருந்து பாத்தா சும்மா நிக்க மாதிரி இருக்கும்ல?"

"ஆமா."

"ஒரு பக்கம் கை நழுவிட்டா?"

"மறுபக்கம் போய் விழுவான்."

"அப்பத்தான் கருவிக்குத் தெரியும். கோடு எழும்பும். நம்பிக்கை போச்சுன்னா ரத்தத்துல இருந்து ஒரு துணுக்கு வந்து அந்த உருண்டையில ஒரு பக்கமா ஒட்டிக்கிடும். சமம் குலைஞ்சிரும். அதுவரைக்கும் தெரியாம இருந்த கோடு வந்து நிக்கும். அந்தக் கோடு எங்க வரும்னு கணக்குப் போட்டது நான்."

"போட்டவ நீ. பேரு வாங்கினது உள்ள இருந்தாளே, அவளா?"

"அவதான்."

அந்தோணியம்மாள் தலையை ஆட்டினாள். அவள் கதை சின்னது. விடுதியில் கெட்டுப்போன பால் வந்து நாற்பது பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாலை வாங்கிப்போட்டது மேற்பார்வையாளர். 'சரக்கைப் பாத்துதான் எடுத்தேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்' என்று அழுதான். அவன் கல்யாணத்துக்கு அண்டா இறக்கி சோறு பொங்கிப் போட்டவள் அவள். நம்பிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்தைக் காட்டி அவளை வெளியே தள்ளினார்கள்.

"அவனுக்கு எத்தனை வந்துச்சு?"

"தொண்ணூறு. நான்தான் அவனுக்குத் துரோகம் பண்ணினேனாம். பால் வாங்கினவன் அவன், ஊதினா அவன் நல்லவன். இனி எந்தச் சமையல்கட்டுல என்னைச் சேப்பாங்க?"

இசக்கிக்கு அப்போது அதில் எதுவும் உறைக்கவில்லை. தன் பதினொன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

துரோகத்துக்கு மாதிரி எடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. விசாரணையில் சம்பவத்தைச் சொல்லவைத்து ஊதவைத்தாலே ஒப்பிடலாம்; மாதிரிக்கு மட்டும் சம்பவம் நடந்த நாற்பது நிமிடத்துக்குள் ஊதவேண்டும். ஊதுகிறவரின் சாதாரண நாள் மூச்சும் முன்கூட்டியே கைவசம் இருக்கவேண்டும். அதைக் கழித்தால்தான் மிச்சம் தெரியும். ஏமாந்தவன் எவன் நாற்பது நிமிடத்துக்குள் வேதியியல் துறையைத் தேடி ஓடிவருவான்? அப்படியே வந்தாலும் அவனுடைய சாதாரண மூச்சுக்கு எங்கே போவது? சாதாரண நாள் மூச்சு லேபில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. இசக்கிக்கு. தினமும் காலையில் கருவியைச் சரிபார்க்க அவள்தான் ஊதுவாள். நானூறு நாளுக்கு மேல் ஊதியிருக்கிறாள். விடுதியில் இட்லிக்கு நிற்கப் பிடிக்காமல் பழைய சோறும், உள்ளி என்கிற சின்ன வெங்காயம் நாலும் கடித்துக்கொண்டு வந்து ஊதுவாள். "கருவி பாவம்ட்டி," என்பாள் பூரணி.

அதனால் சங்கரபாண்டியனும் பூரணியும் வேறு ஆளைத் தேடவில்லை.

துறைக் கருத்தரங்கில் இசக்கியின் கணக்கைப் பூரணி எழுந்து தன் கணக்கு என்று வாசித்தாள். 'இது முழுக்க என் தனி முயற்சி' என்றும் சொன்னாள். முன்வரிசையில் சங்கரபாண்டியன் கைதட்டினார். முடிந்ததும் இரண்டு பேரையும் லேபுக்கு வரச்சொல்லி ஊதச்சொன்னார். அது தினப்படிக் காரியம் என்று இசக்கி ஊதினாள். மறுநாள் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாம் சோதனைக்காக நடத்திய நாடகம் என்றார். உன் பேர் உனக்குத்தான் பிள்ள, கட்டுரை வரும்போது திருத்திவிடலாம் என்றார்.

கட்டுரை பூரணியின் பேரில் வந்தது. திருத்தம் போட்டால் எதற்காகத் திருத்துகிறோம் என்று எழுதவேண்டும். எழுதினால் சம்மதம் வாங்காமல் மாதிரி எடுத்தது வெளியே வரும். மாதிரி செல்லாமல் போகும். கொஞ்சம் பொறு என்றார். இசக்கி பதினோரு மாதம் பொறுத்தாள். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நாடகம் என்று சொன்னார்களே, அதை யாரும் முடித்துவைக்கவில்லை.

இப்போது பால் பண்ணையில் சோதனைப் பிரிவு. ராத்திரி ஷிப்டு. குறைதீர் குழுக்களில் மூச்சுமானியை வைக்கச் சொல்லிச் சட்டம் வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள் என்பதுதான் கேவலம். என் மூச்சே சாட்சி, இனி யாரும் என்னைத் தட்டிக்கழிக்க முடியாது என்று நம்பிப் புகார் எழுதினாள்.

தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள் காலை ஏழு மணி. ஷிப்டு முடிகிற நேரம். சங்கரன்கோவில் டேங்கர் பால் சோதனைக்கு வந்தது. பாலின் கோட்டிலிருந்து தண்ணீரின் கோட்டைக் கழிப்பது அவளுடைய தினசரி வேலை. கழித்தாள். கோடு ஓரிடத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்ப் பள்ளம் விழுந்தது.

"மேடம், பால்ல ஏதோ கலந்திருக்கான்," என்றார் டேங்கரோடு வந்தவர், பயந்துபோய். அவருக்குத் தன் பால் மேலேயே நம்பிக்கை இல்லை போலிருக்கிறது.

"ஒண்ணும் கலக்கல. நேத்து யாரோ வேற தண்ணியில எடுத்து வச்ச கோட்டைக் கழிச்சிட்டேன். பாலுல இல்லாத ஒண்ணைக் கழிச்சா பள்ளம்தான் விழும்."

சொல்லி வாயை மூடினாள். பைக்குள் தீர்ப்பு நகல் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள் அச்சாகியிருந்தன. ஒன்று அவளுடைய பதினொரு சதவீதக் கோடு. எட்டு நாளும் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்த பதினேழாம் மாதிரியை அவள் பார்க்கவே இல்லை. தன் மூச்சை என்ன பார்ப்பது?

இப்போது பார்த்தாள். இடது ஓரத்தில் ஒரு பள்ளம். அதற்குத் துரோகப் பள்ளம் என்றே பேர் வைத்து இரண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்கள். அலை எண்ணைப் படித்தாள். அது உள்ளியின் கந்தகம்.

அவளுடைய நானூறு நாள் மூச்சிலும் உள்ளி இருந்தது. அதைக் கழித்திருக்கிறார்கள். கழித்ததும் பள்ளம் விழுந்தால், அன்றைக்கு ஊதிய மூச்சில் உள்ளி இல்லை. அன்றைக்கும் அவள் உள்ளி தின்றுவிட்டுத்தான் போனாள். பூரணி அதைத் தொடவே மாட்டாள்.

பதினேழு இசக்கியின் மூச்சே இல்லை.

மறுநாள் மத்தியானம் பல்கலைக்கழக கேண்டீனில் போய்ப் பூரணிக்கு எதிரே உட்கார்ந்தாள். பூரணி இப்போது அங்கே உதவிப் பேராசிரியர். தட்டில் தயிர்சாதம். இசக்கி காகிதத்தை மேசையில் விரித்துப் பள்ளத்தின்மேல் விரலை வைத்தாள்.

பூரணி காகிதத்தை இடது கையால் தன் பக்கம் திருப்பினாள். "எப்பக் கண்டுபிடிச்ச?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே." தயிர்சாதத்தைத் தள்ளிவைத்தாள். "ரெண்டு கோடும் திரையில வந்துச்சு. உன் கோடு தட்டையா கிடந்துச்சு. என் கோடு எழும்பி நின்னுச்சு. சார் பாத்தார். 'என்ன பிள்ள, லேபிளை மாத்தி ஒட்டிட்டியா'ன்னார். ஏமாந்தவளுக்குத்தான எழும்பணும், நடிச்சவளுக்கு எப்படி எழும்பும்? நான் வாயைத் திறக்கதுக்குள்ள பேனாவை எடுத்து ரெண்டு லேபிளையும் அடிச்சு மாத்திட்டார்."

"ரீடிங்கைத் திருத்துத மாதிரி."

"அதே மாதிரிதான். நாம எத்தனை தடவை பண்ணியிருக்கோம். விடை என்னன்னு தெரியும், ரீடிங் ஒத்துவரலைன்னா ரீடிங்தான் தப்பு. ரெக்கார்டு நோட்டு எழுதுத காலத்துல இருந்து அதான பழக்கம்."

"நீ சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்ல? எனக்குத்தான் சார் நெஞ்சை அடைச்சுது, அவளுக்கு ஒண்ணும் ஆகலன்னா?"

"எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

பூரணி முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "நீ நம்பலட்டி. நான் மேடையில ஏதோ உளறிட்டேன், இறங்கி வந்து சரிபண்ணிருவேன்னு நினைச்சிட்டு இருந்த. குழாயில ஊதும்போது என்னைப் பாத்துச் சிரிச்ச."

அது உண்மை. அது துரோகம் என்று இசக்கிக்கு உறைக்கக் கட்டுரை அச்சாகும்வரை ஆனது.

"அப்ப பதினேழுங்கது ஏமாந்தவ மூச்சு இல்ல," என்றாள் இசக்கி. "ஏமாத்தினவ மூச்சு."

"ஆமா. போன வாரம் குழு முன்னால உன் முகத்தைப் பாத்து, நீ சொல்லுதது பொய்னு சொன்னேன். உடனே ஊதினேன். தொண்ணூத்து மூணு வராம என்ன செய்யும்?"

"இதுவரைக்கும் எத்தனை தீர்ப்பு?"

"பதினோராயிரம் இருக்கும்."

பூரணி எழுந்து கை கழுவப் போனாள். திரும்பி வரவில்லை. இசக்கி அங்கேயே உட்கார்ந்து அந்தோணியம்மாளுக்கு போன் போட்டாள்.

"அக்கா, அந்தக் கருவி தலைகீழா இருக்கு. ஏமாத்தினவனைத்தான் ஏமாந்தவன்னு சொல்லுது. எங்கிட்ட ஆதாரம் இருக்கு. என் மேல்முறையீட்டுல அதை உடைக்கேன். உடைஞ்சா உங்க கேஸு, எல்லாரோட கேஸும் திறக்கும்."

"நெசமாவா?"

"நெசமா. அன்னைக்கு நீங்களும் வாங்க."

அந்தோணியம்மாள் வந்தாள். இஸ்திரி போட்ட சேலையும், பிளாஸ்டிக் உறைக்குள் பழைய தீர்ப்புமாக, பத்து மணி விசாரணைக்கு எட்டரைக்கே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இசக்கி அவள் பக்கத்தில் உட்காரப்போன நேரம் ஓர் அலுவலர் வந்து, விசாரணை அறைக்கு அடுத்த அறையில் மையத்தின் இயக்குநர் கூப்பிடுவதாகச் சொன்னார்.

சங்கரபாண்டியன் கிழடாகியிருந்தார். நாற்காலியைக் காட்டினார். "உக்காரு பிள்ள. பூரணி எல்லாம் சொல்லிட்டா. அந்தக் காகிதத்தைக் கொண்டா."

இசக்கி கொடுத்தாள். பள்ளத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் உண்மையிலேயே வேதியியல் வாத்தியாராக இருந்தார். "உள்ளி," என்றார். "சே. ரெண்டு பேருக்கு இதுக்குப் பட்டம் குடுத்தேனே."

"குழுகிட்ட சொல்லப் போறேன் சார்."

"சொல்லு. யாரு தடுத்தா? சொன்னா என்ன நடக்கும்னு மட்டும் கேட்டுட்டுப் போ. பதினேழு செல்லாதுன்னு ஆகும். பதினேழு செல்லாதுன்னா இந்தக் குழுவுக்கே அதிகாரம் கிடையாது. கலைச்சிருவாங்க. உன் புகாரைக் கேக்க ஆள் இருக்காது. புது மாதிரி, புதுச் சட்டம், மேல்கோர்ட்டு. ஏழு வருஷம், எட்டு வருஷம். உனக்கு இப்ப என்ன வயசு?"

"முப்பத்திரண்டு."

"நீ பேசாம இருந்தா, நான் இப்ப உள்ள வந்து உக்காருதேன். அந்தக் கணக்கு இசக்கியம்மாளோடது, எனக்கு நினைவு வந்துட்டுன்னு எழுதிக் குடுக்கேன். கைடே சொன்னா குழு கேக்கும். மறுமூச்சு சும்மா ஒரு சடங்கு. கம்மியாத்தான் வரும், வரட்டும், என் சாட்சியம் போதும். கட்டுரையில உன் பேரு. வர்ற பட்டமளிப்புல உனக்குப் பட்டம். பூரணி ஒத்துக்கிட்டா."

"வெளிய ஒரு அம்மா உக்காந்திருக்காங்க சார்."

"எல்லா விசாரணைக்கும் வெளிய யாராவது உக்காந்துதான் இருக்காங்க."

அவருடைய மேசைமேல் திருத்தப் படிவம் தயாராக இருந்தது. தலைப்பு, இதழ், ஆண்டு. முதல் ஆசிரியர் என்ற இடத்தில் பூரணியின் பேரை அடித்து, மேலே 'இசக்கியம்மாள்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். தன் பேரை அந்த இடத்தில் அவள் கனவில்தான் பார்த்திருந்தாள். கனவில் எழுத்து இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

பால் பண்ணையின் ஈரத் தரையை நினைத்தாள். ஏழு வருடத்தை நினைத்தாள். அந்தோணியம்மாளையும் நினைத்தாள், இல்லை என்று சொல்ல முடியாது. நினைத்துவிட்டு, "சரி சார்," என்றாள்.

அவர் உள்ளிக் காகிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். இன்னொரு நகல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விசாரணை அறைக்குப் பின்வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு போனார். நடைபாதையைக் கடக்க வேண்டியிருக்கவில்லை. சொன்னபடி எழுதிக் கொடுத்தார். தலைவர் இரண்டு தடவை படித்தார். பூரணி தரையைப் பார்த்து, ஆமாம் என்றாள். குழுவில் யாருக்கும் வேறு கேள்வி இல்லை.

"மறுமூச்சு விதியில இருக்கு. ஊதிருங்கம்மா," என்றார் தலைவர்.

இசக்கி ஊதினாள். மனதில் ஒன்றும் இல்லாதது போலத்தான் இருந்தது. கருவி உறுமியது. மூன்று நிமிடம்.

மூல மாதிரி எண் பதினேழு, நம்பிக்கைத் துரோகத்துக்கு ஆளானவர். பொருத்தம் தொண்ணூற்று ஏழு சதவீதம். ஏற்கத்தக்கது.

தலைவர் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா? போன தடவை ஏதோ கோளாறு. இந்தக் குழுவுல இவ்வளவு உயர்ந்த பொருத்தம் இதுவரைக்கும் வந்ததில்ல. எவ்வளவு பட்டிருக்கீங்க நீங்க!" போன விசாரணையில் சிரிப்பை அடக்க இருமியவர் எழுந்து வந்து கை கூப்பினார். உதவியாளர் தண்ணீர் கொடுத்தார்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். சங்கரபாண்டியன் சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டே திரையைப் பார்த்தார், அப்புறம் இசக்கியைப் பார்த்தார். பூரணி தலையை நிமிர்த்தவே இல்லை.

வெளியே போக நடைபாதை வழி ஒன்றுதான் திறந்திருந்தது. அந்தோணியம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஏளா, உடைஞ்சுதா?"

"கேட்டுருக்காங்கக்கா," என்றாள் இசக்கி. "முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும். நீங்க ஊருக்குப் போங்க. நான் சொல்லி அனுப்புதேன்."

"ஆதாரத்தைக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

அந்தோணியம்மாள் அவளுடைய கன்னத்தைத் தொட்டு விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டாள். "நீ சொன்னாச் சரி தாயி. அவசரம் இல்ல." பிளாஸ்டிக் உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் திரும்பி ஒருமுறை கையசைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இசக்கியும் கையசைத்தாள்.